கட்டிலுக்கு மேலே குன்னூர்!

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அப்பா வர்றார். இனிமே நம்மகூடதான் இருக்கப் போறார். சின்ன ரூம்ல கட்டில் போடணும். அந்த மலையை எங்கயாவது நகர்த்துங்க!"

மலையை நகர்த்த நான் என்ன அனுமாரா? அவருக்காவது சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறக்க வானம் இருந்தது. எனக்கு இருந்தது இரண்டு பெட்ரூம் வாடகை ஃபிளாட்!

பயப்படாதீர்கள். என் மனைவி சொன்ன மலை ஆறடி நீளம், இரண்டடி அகலம். தெர்மகோல், பழைய பேப்பர், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவற்றால் ஆனது. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு தண்டவாளம், தண்டவாளத்தின் மேல் என் விரல் உயரத்தில் ஊட்டி ரயில். இரண்டு வருஷமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து கட்டியது.

பி.காம். படித்தவனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டுக்குக் குன்னூர் போனபோது பிடித்த பைத்தியம் இது. 46 கிலோ மீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓட ஆரம்பித்து, 1908-ல் ஊட்டியைத் தொட்ட ரயில். 2005-ல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவன், இதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாதா என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான், விதி சிரித்தது.

முதலில் கணக்கு. நம்முடைய அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லி மீட்டர் இடைவெளி. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் 1,435. அதற்குக் குறைந்தால் குறுகிய பாதை. டார்ஜிலிங் ரயிலுக்கு 610. நம்ம ஊட்டி ரயிலுக்குச் சரியாக 1,000. மாடல் ரயில்காரர்கள் உலகம் முழுக்க அதிகம் கையாளுகிற அளவு 87-ல் ஒரு பங்கு. அதற்குப் பெயர் 'ஹெச்.ஓ.' அந்தக் கணக்கில் ஊட்டி பாதை பதினொன்றரை மில்லி மீட்டராகச் சுருங்கும். கடையில் விற்பது 12 மில்லி மீட்டர் பாதை. அந்த அரை மில்லி மீட்டரை நான் மன்னித்துவிட்டேன்.

ஆனால் முழுப் பாதையையும் இந்த அளவில் போட 528 மீட்டர் வேண்டும். ஹவுஸ் ஓனரிடம் கேட்க தைரியமில்லை. எனவே ஒரே ஒரு ஸ்டேஷன், ஹில்குரோவ். இஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்குமே, குரங்குகள் நம் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்குமே, அந்த இடம்.

அடுத்த தலைவலி ஏற்றம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல இடங்களில் பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றம். அதாவது, பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி உயர வேண்டும். சாதாரண ரயில் சக்கரம் இதில் வழுக்கிவிடும். அதனால்தான் நடுவில் பல் பட்டைகள். ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதற்குப் பள்ளம். ஆகவே, எந்த நேரமும் இஞ்சினின் பல் சக்கரத்துக்கு ஒரு பிடி இருந்துகொண்டே இருக்கும். ஸ்விட்சர்லாந்துக்காரர் ரோமன் அப்ட் கண்டுபிடித்த முறை இது.

இஞ்சினும் ஸ்விஸ் சரக்குதான். விண்டர்தூர் நகரில் செய்த 'எக்ஸ்' வகை. பிற்பாடு நம் பொன்மலை ஒர்க் ஷாப்பிலேயே புதிதாகச் செய்தார்கள். இதில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர் சாதாரண சக்கரத்தைச் சுற்றும். அங்கே வேலை செய்து முடித்த நீராவியை வெளியே விடாமல் இன்னும் இரண்டு சிலிண்டருக்கு அனுப்பிப் பல் சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். நம் வீட்டில் ஒரே காபிப் பொடியில் இரண்டாவது டிகாக்‌ஷன் இறக்குகிறோமே, அதே சிக்கனம்தான்!

என் ஆறடி மலையில் பல் பட்டை வெறும் அலங்காரம். பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டியது. பல் பிடிப்பு இல்லாமல் பன்னிரண்டுக்கு ஒன்று ஏறச் சொன்னால் என் ரயில் உட்கார்ந்துகொண்டு அழும். எனவே இருபத்தைந்துக்கு ஒன்று என்று வைத்தேன். ஆறடியில் ஏழு சென்டி மீட்டர்தான் உயரம் கிடைத்தது. ஸ்பீட் பிரேக்கரா இது என்று கேட்டாள் மனைவி.

அப்புறம்தான் புத்தி வந்தது. பாதையை ஏற்ற முடியாவிட்டால் என்ன? பள்ளத்தாக்கை இறக்கலாமே! பாதைக்கு முன்னால் இருந்த பலகையை அறுத்து எறிந்துவிட்டு, ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினேன். இப்போது அதே ஏழு சென்டி மீட்டர் ரயில், அதல பாதாளத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கியது.

மலை கட்டுவதற்கு நான் கடையில் வாங்கியதைவிட சமையலறையில் திருடியது அதிகம். தெர்மகோல் துண்டுகளை அடுக்கி, அதன் மேல் பேப்பரை மைதா பசையில் நனைத்துப் போர்த்தி, மேலே பிளாஸ்டர் பூசினால் பாறை ரெடி. முழுக்க இறுகுவதற்கு முன் பழைய கத்தியால் கீற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். துண்டு துண்டாகக் கத்தரித்து வரிசையாக ஒட்டினால் ஐம்பது ஏக்கர் எஸ்டேட்! காட்டு மரத்துக்கு மின்சார ஒயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிக் கிளை பிரித்து, பீர்க்கங்காய் நாரைப் பிய்த்து மாட்டினேன். இலைக்கு மெத்தை ஸ்பாஞ்சைப் பச்சை பெயின்ட்டில் ஊறவைத்து, காயவைத்து, மிக்ஸியில்...

மிக்ஸியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம். மறுநாள் தேங்காய்ச் சட்னி புதினா சட்னி நிறத்தில் இருந்தது. அன்றைக்கு நான் ஓட்டலில் சாப்பிட்டேன்.

பாதைக்கு நடுவே கொட்டுகிற ஜல்லிக்கு, சலித்த மணல். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முத்து முத்தாக உருண்டு நிற்குமே தவிர உள்ளே இறங்காது. பாத்திரம் கழுவும் சோப்பு திரவம் ஒரு துளி சேர்த்துப் பாருங்கள், கூப்பிட்ட குரலுக்கு உள்ளே ஓடும். இந்த ஒரு துளி ரகசியம் தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

பெட்டிகள் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்தவை. கீழே நீலம், மேலே க்ரீம். ஒவ்வொரு ஜன்னலும் பிளேடால் அறுத்தது. ஒரு பெட்டிக்கு ஒரு மாதம். இஞ்சினுக்குள் மோட்டார் வைக்க இடம் போதவில்லை. அதனால் அதை ஒட்டிய பெட்டியில் மோட்டாரை ஒளித்தேன். 'டி.டி.' என்று 120-ல் ஒரு பங்கு அளவு ஒன்று உண்டு. அதில் பெரிய ரயிலுக்கே 12 மில்லி மீட்டர் பாதைதான். அந்த ரக இஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தைப் பழைய விலையில் வாங்கிப் பெட்டிக்குக் கீழே பொருத்தினேன். ஆக, இஞ்சின் வெறுமனே புகைபோக்கியை நீட்டிக்கொண்டு வரும். வேலை செய்வது பக்கத்திலிருக்கும் பெட்டி. ஆபீஸில் வேலை பார்க்கும் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஊட்டி ரயிலில் இஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். கொக்கி கிக்கி கழன்றாலும் பெட்டிகள் உருண்டுவிடாமலிருக்க இந்த ஏற்பாடு. இதைத் தெரியாமல் என் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும், "சார், இஞ்சினைத் தப்பா பின்னாடி மாட்டிட்டீங்க" என்று திருத்திவிட்டுப் போனார்கள்.

தள்ளுவதில் ஒரு சிக்கல் உண்டு. லேசான பெட்டிகளை வளைவில் பின்னாலிருந்து தள்ளினால் நடுப்பெட்டி பிதுங்கித் தடம் புரளும். எடையைக் கூட்ட வேண்டும், அதுவும் அடியில். ஒவ்வொரு பெட்டியின் சீட்டுக்கடியிலும் ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டினேன். பி.காம். பாஷையில் சொன்னால், முடங்கிய மூலதனம்.

இப்படிப்பட்ட மலையைத்தான் நகர்த்தச் சொன்னாள். எனக்கு மனசே வரவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரம்பத்தை எடுத்தேன், வைத்தேன். சனிக்கிழமை எடுத்தேன், வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தேவிட்டார்.

மாமியார் போய் நான்கு மாதம். மாமா பாதி ஆளாகியிருந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை. "சௌக்கியமா மாப்ளே?" என்றதோடு சரி. சாப்பிட்டார், ஹாலில் போட்ட கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நாளைக்குக் காலி பண்ணிடறேன்" என்று மனைவியிடம் சத்தியம் செய்தேன். அவள் பதில் சொல்லவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சின்ன ரூமில் லைட் எரிந்தது. எட்டிப் பார்த்தேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மலைக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹில்குரோவ்தானே மாப்ளே?"

"ஆமா மாமா."

"வண்டி ஏறுதா, இறங்குதா?"

"ஏறுது மாமா."

நான்கு பெட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இஞ்சினைப் பின்னால் மாட்டியதற்கு ஒன்றும் சொல்லாத முதல் மனிதர்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது கேட்டார்:

"எல்லாம் சரியா இருக்கு. பிரேக்கை யார் பிடிக்கிறா?"

எனக்குச் சுரீர் என்றது. சொல்ல மறந்துவிட்டேனே... மாமா அந்த ரயிலில் முப்பது வருஷம் பிரேக்ஸ்மேன்!

ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒருவர் நிற்பார். அவர் கையில் அந்தப் பெட்டியின் பிரேக். முதல் பெட்டிக்காரர் கையில் பச்சைக்கொடி, சிவப்புக்கொடி. நான் ஜன்னல் எண்ணியிருக்கிறேன், பல் பட்டையை அளந்திருக்கிறேன், குரங்குக்குக்கூட வால் வைத்திருக்கிறேன். பெண் கொடுத்த மனிதர் முப்பது வருஷம் நின்ற இடம் காலியாக இருப்பதை இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

"டிரைவர் பின்னாடி இருக்கார் மாப்ளே. அவருக்குப் பாதை எப்படித் தெரியும்? முன்னாடி நிக்கறவன்தான் கண்ணு. மண்ணு சரிஞ்சு கிடந்தாலும், யானை நின்னாலும் அவன்தான் முதல்ல பார்க்கணும். இஞ்சின்ல விசில் குடுத்தா, நாங்க எல்லாரும் ஒண்ணா பிடிக்கணும். மழையில கை மரத்துப் போயிடும். காது கேட்டவுடனே கை தானா போகும்."

நான்கு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான் என்று பிற்பாடு மனைவி சொன்னாள். அப்போது அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள், காபி டம்ளரோடு.

கணக்குப் படித்தவனுக்கு ஒன்று தெரியும். ஓடியதற்குக் கணக்கு உண்டு, வருமானத்துக்குக் கணக்கு உண்டு. நடக்காமல் போன விபத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது. என் மலையிலும் கிடையாது.

அன்றைக்கே ஃபியூஸ் கம்பியை வளைத்து, எம்சீல் பூசி, நான்கு பிரேக்ஸ்மேன்கள் செய்தேன். ஐந்தரை அடி ஆள் 87-ல் ஒரு பங்கானால் இரண்டு சென்டி மீட்டர்கூட இல்லை. மாமா பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னார். "இவன் என்ன கல்யாணத்துக்கு நிக்கற மாதிரி நிக்கறான்? காலை அகட்டி வையுங்க... கழுத்துல மஃப்ளர் எங்கே?" நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் மஃப்ளரின் நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். பழுப்பு. மாமியார் பின்னிக் கொடுத்தது அந்த நிறம்தானாம்.

மலை நகர்ந்ததா? நகர்ந்தது... மேல்பக்கமாக! ஆசாரியைக் கூப்பிட்டுச் சுவரில் இரும்புக் கை அடித்து, நின்றால் கண் மட்டத்துக்கு ஏற்றிவிட்டோம். மாடல் ரயில் பார்க்கச் சரியான உயரமும் அதுதான். மேலிருந்து பார்த்தால் பொம்மை, கண்ணுக்கு நேரே பார்த்தால் ரயில். கீழே தாராளமாக மாமாவின் கட்டில் போட இடம் கிடைத்தது.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி புறப்படும். இந்த ரயிலுக்குத் தண்டவாளம் வழியாகத்தான் 12 வோல்ட் கரண்ட். கொஞ்சம் தூசி படிந்தாலும் நின்றுவிடும். நேற்றும் அப்படித்தான், பாலத்துக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது. துடைக்கத் துணியோடு ஓடினேன். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவசரப்படாதீங்க மாப்ளே. நம்ம ஆளு பிரேக் பிடிச்சிருக்கான்... முன்னாடி என்னமோ பார்த்திருக்கான்!"