பச்சையைத் துறந்த படைவண்டிகள்

பாலக்காட்டுக் கணவாயின் கீழ்ப்புறத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டியிருக்கும் வடகரப்பதி போன்ற தமிழ் பேசும் ஊர்களுக்கும், போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் அப்பால் விரியும் இடுக்கி மலைகளுக்கும் நன்கு பழகிய வண்டி ஒன்று உண்டென்றால் அது ஜீப்பே. தேனி மாவட்டத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் ஏறுவதும், நெல்லியாம்பதியின் தோட்டப் பாதைகளில் பயணிகளைக் கொண்டு செல்வதும் இவ்வண்டிகளே. மலைவாழ்வோடு இவ்வளவு கலந்துவிட்ட இந்த வண்டி முதலில் போர்க்களத்துக்கென உருவானது. படையில் பணி முடித்த பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பித்து விற்பது இன்று ஒரு வணிகமாகவும் கைத்திறனாகவும் வளர்ந்திருக்கிறது. அவ்வாறு புதுப்பிக்கும்போது எதை மீட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற தெளிவே இத்துறையில் முதலில் தேவைப்படுவது.

போர்க்களத்திலிருந்து மலைப்பாதைக்கு

1940 ஜூலையில், நான்கு சக்கரங்களும் இயங்கும் கால் டன் எடைப்பிரிவு வண்டி ஒன்றை விரைந்து செய்து தருமாறு அமெரிக்க ராணுவம் நிறுவனங்களைக் கேட்டபோது, அதே ஆண்டு செப்டம்பரில் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ் ஓவர்லாண்டும் ஃபோர்டும் பேரளவில் உற்பத்தியை மேற்கொண்டு, 1945க்குள் வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்னும் இரு பெயர்களில் ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைச் செய்து முடித்தன. சாதாரணக் கார்களில் எஞ்சினின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. ஜீப்பிலோ கியர் பாக்ஸை அடுத்துள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பகிர்வுப் பெட்டி அதை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தளிப்பதோடு, தாழ்நிலைப் பல்லிணைப்பின் வழியாக வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கி இழுவிசையை இருமடங்காக்குகிறது.

போர் முடிந்ததும் உபரியான ஜீப்புகள் பல நாடுகளில் விற்கப்பட்டன. பிலிப்பைன்ஸில் அவற்றின் உடலை நீட்டிச் செய்ததே ஜீப்னி என்னும் பயணியர் வண்டி. இந்தியாவில், 1945இல் எஃகு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் மகிந்திரா என்று பெயர்பெற்ற நிறுவனம், 1947இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கியது. இந்தியச் சாலைகளில் மிகவும் பழகிய சி.ஜே. 3பி வகை, உள்ளிழுப்பு வால்வுகள் மேலே அமைந்த உயரமான எஞ்சினுக்கு இடம் வேண்டி மூடி உயர்த்தப்பட்ட வடிவம் ஆகும். வில்லிஸின் வழிவந்த நிறுவனம் 1968இல் அதைக் கைவிட்ட பின்னரும் இந்தியாவில் உற்பத்தி தொடர்ந்ததால், வேறு நாடுகளில் அரிதாகிவிட்ட உதிரிப்பாகங்கள் இங்கே நெடுங்காலம் கிடைத்துவந்தன.

இந்திய ராணுவத்துக்கே உரிய மற்றொரு வண்டி ஜோங்கா. நிசான் பேட்ரோல் வண்டியை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் 1960களில் தொடங்கி 1999 வரை செய்யப்பட்ட இதில், ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பின்னாளில் ராணுவத்தில் பெருமளவில் சேர்க்கப்பட்ட மாருதி ஜிப்ஸியும் இப்போது பழைய வண்டி விரும்பிகளின் தேடலுக்கு உள்ளாகியிருக்கிறது.

ஏலமும் ஆவணமும்

ராணுவம் பயன்பாட்டிலிருந்து கழித்த வண்டிகள் ஏலத்தின் வழியாகவே வெளியே வருகின்றன. மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. இணையவழியில் நடத்தும் ஏலங்கள் இவ்வணிகத்தின் முக்கிய வாயிலாக உள்ளன. அரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் பழைய ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டி விற்பதற்கே பெயர்பெற்றவை. படையில் இருக்கும் வரை வண்டிக்கு மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தொடங்கும் ராணுவ எண் மட்டுமே உண்டு. பொதுமக்கள் கைக்கு வந்ததும் அது முதன்முறையாகக் குடிமைப் பதிவு பெற்றாக வேண்டும். அதற்கு, ராணுவ அதிகாரி வழங்கும் அசல் விற்பனைச் சான்று படிவம் 21இல் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. இச்சான்று இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் வண்டி, எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கப்பட்டாலும், சாலையில் ஓட்ட உரிமையற்ற இரும்பாகவே நின்றுவிடும்.

மாநில எல்லையில் வாழ்வோர் இன்னொன்றையும் கருத வேண்டும். கோயம்புத்தூரில் பதிவான வண்டியை வடகரப்பதியில் உள்ளவர் வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டால், பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைப் பெற்று, 12 மாதங்கள் கடப்பதற்குள் கேரளப் பதிவெண்ணுக்கு மாற்றி, அங்குள்ள வரியையும் செலுத்த வேண்டும். ஆகவே விலை பேசுவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது, எஞ்சினை முடுக்கிப் பார்ப்பதைவிட முதன்மையானது.

துருவுக்கு அடியில் உள்ள அடையாளம்

சேசிஸ் என்னும் அடிச்சட்டமே ஒரு பழைய ஜீப்பின் பிறப்புச் சான்று. வில்லிஸ் எம்.பி.யில் முன்புறக் குறுக்குச் சட்டம் குழாய் வடிவிலும் ஃபோர்டு வண்டியில் கவிழ்த்த பள்ளவடிவிலும் இருக்கும். ஃபோர்டு தன் பாகங்களிலும் போல்ட் தலைகளிலும் கூட ஆங்கில எஃப் எழுத்தைப் பொறித்தது. பல ஆண்டுகளாக ஒன்றின் உறுப்புகளை மற்றொன்றில் பூட்டி ஓட்டியதால் முழுமையாக அசலான வண்டி அரிது. அதனால்தான் இவ்வேறுபாடுகள் விலையைத் தீர்மானிக்கின்றன.

போர்க்கால ஜீப்பின் தரைத்தகட்டைத் தாங்கும் பள்ளச் சட்டங்களுக்குள் வலுவுக்காக மரக்கட்டை வைக்கப்பட்டிருந்தது. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். மழை மிகுந்த மலைப்பகுதியில் ஓடிய வண்டிகளில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், ஏனெனில் துருவின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் சில மழைக்காலங்களுக்குப் பின் ஓட்டை மீண்டும் வெளிப்படும். நேர்மையான டிங்கரிங் வேலை என்பது அரித்த பகுதியை வெட்டியெடுத்து அதே தடிமனுள்ள தகட்டைப் பற்றவைப்பதாகும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைக் காற்றடித்துத் துடைப்பது உடலுக்குத் தீங்கு. கிடைக்காத பாகங்களை அளவெடுத்துக் கடைந்து தரும் கோயம்புத்தூர் லேத் பட்டறைகளும், பழைய உதிரிகள் குவிந்திருக்கும் சென்னைப் புதுப்பேட்டையும் இவ்வேலைக்குப் பெருந்துணை.

விட்டுக்கொடுக்க வேண்டியவை

மீட்பின் எல்லையைச் சட்டம் வகுக்கிறது. பாதுகாப்புத் துறைக்கு உரியவை தவிர வேறெந்த வண்டிக்கும் ராணுவப் பச்சை நிறம் பூசக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி தடைசெய்கிறது. எனவே பொதுச்சாலையில் ஓடவிருக்கும் படைவண்டி தன் பிறவி நிறத்தைத் துறந்தாக வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பெட்ரோல் செலவுக்கு அஞ்சி ஜோங்காவில் டீசல் எஞ்சினைப் பொருத்த நினைப்பவரும் பதிவு அதிகாரியின் அனுமதியை முன்னரே பெற வேண்டும்.

2021இல் வந்த விதிகள் 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாமல் உள்ள வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாக ஏற்று, வி.ஏ. எழுத்துகளைக் கொண்ட தனிப் பதிவெண்ணை வழங்குகின்றன. புதுப்பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, செல்லுபடி 10 ஆண்டுகள். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டி கண்காட்சிக்கும் பேரணிக்கும் உரியதே தவிர, அன்றாடப் பயணத்துக்கும் வாடகைக்கும் உரியதன்று. இங்கே வாங்குபவர் ஒரு வழியைத் தேர்ந்தாக வேண்டும்: ஒவ்வொரு போல்ட்டையும் மூல நிலையில் காப்பது ஒன்று, உழைக்கும் வண்டியாக வைத்து, தேய்ந்ததை மாற்றி, மாற்றியதை ஆவணத்தில் பதிந்து ஓட்டுவது மற்றொன்று. இரண்டுமே அவ்வண்டிக்குச் செய்யும் மரியாதைதான். நிறமும் அம்புக்குறி எண்ணும் படையோடு நின்றுவிடுகின்றன. தாழ்நிலைக் கியரில் நான்கு சக்கரங்களும் மண்ணைப் பற்ற ஏற்றம் ஏறும் அந்த இயக்கத்தைப் பழுதின்றி அடுத்தவர் கையில் சேர்ப்பதே புதுப்பிப்பவரின் கடமை.