தந்தையை அரசன் முன் நிறுத்திய மகன்

வெளியூரில் படிக்கும் பிள்ளையைக் காணப் பெற்றோர் செல்லும்போது ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை கைப்பிடித்து வழிநடத்தியவர்கள், இப்போது பிள்ளையின் பின்னால் நடக்கிறார்கள். பேருந்து எங்கே நிற்கும், யாரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பிள்ளைதான் அறியும். அந்தச் சில நாள்களில் நகரம் மட்டுமல்ல, பிள்ளையின் உள்ளமும் வெளிப்படுகிறது.

இலங்கையின் கண்டி மாநகர் இத்தகைய சந்திப்புகளுக்குப் பழகிய ஊர். 1893இல் திருத்தந்தை 13ஆம் லியோவின் விருப்பப்படி, இந்தியாவுக்கும் இலங்கைக்குமான பாப்பிறை குருமடம் இங்கே தொடங்கப்பட்டது. 1955இல் அது புனே நகருக்கு மாற்றப்படும்வரை, இந்திய இளைஞர் பலர் கடல் கடந்து வந்து இங்கே பயின்றனர். இந்தியாவின் முதல் கர்தினாலான வலேரியன் கிராசியாஸ் அவர்களுள் ஒருவர். தனுஷ்கோடிவரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் மீண்டும் ரயில் என்றிருந்த அந்நாளில், எளிய குடும்பத்தார் மகனைக் காண வருவது அரிய செயல். குருமடம் இருந்த அம்பிட்டியவில் இன்று இலங்கை அன்னை தேசியக் குருமடம் இயங்குகிறது. அருகிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திற்கோ, யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகளைக் காணக் குடும்பங்கள் வருகின்றன.

வந்தவர்களுக்குக் காட்ட இங்கே குறைவில்லை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் அமைத்த ஏரி, அதன் கரையில் பௌத்தர்கள் போற்றும் தலதா மாளிகை, மகாவலி கங்கை சூழ்ந்த பேராதனைப் பூங்கா, புனித அந்தோனியார் பேராலயம் என ஒரு நாள் போதாது.

ஆனால் கண்டியில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு செல்வமும் உண்டு. கோவாவிலிருந்து வந்த புனித யோசேப்பு வாஸ் 1692இல் இந்நகரில் அடியெடுத்து வைத்தபோது, போர்த்துகேய ஒற்றர் என்று சிறையிடப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவி, நோயுற்றோரை உறவினரே கைவிட்ட நிலையில், அந்நியரான அவரே அவர்களுக்கு உறவானார். 1711 சனவரி 16இல் இங்கேயே இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஆனாலும் இதுதான் அவரது கல்லறை என்று சுட்டிக்காட்ட ஓர் இடமில்லை. அவர் செய்த பணியே அவருக்கு நினைவுச் சின்னம்.

கைவிடப்பட்டோரை உறவாக ஏற்றவர் அவர். பெற்ற உறவை நாம் எப்படி ஏற்கிறோம்? நாகரிக நகரில் பழகிய பிள்ளைக்கு, தந்தையின் வேட்டியும் தாயின் கிராமத்துப் பேச்சும் சில வேளைகளில் கூச்சம் தருகின்றன. ஏரியையும் பூங்காவையும் காட்டுகிறார்கள். நண்பர்கள் எதிரே வந்தால் வேறு வழியில் அழைத்துச் செல்கிறார்கள். அந்த விலகலைப் பெற்றோர் உணராமல் இருப்பதில்லை. வெளியே சொல்லாமல் ஊர் திரும்புகிறார்கள்.

தொடக்க நூலில் யோசேப்பு செய்ததைப் பாருங்கள். எகிப்தியர் ஆடு மேய்ப்போரை அருவருத்தனர். நாட்டின் ஆளுநரான அவர், முதிய தந்தையைக் கோசேன் பகுதியிலேயே தங்கவைத்து, அரண்மனைக்கு அழைக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தேர் பூட்டி எதிர்கொண்டார். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பின்னர் பார்வோன் முன்பே தந்தையை நிறுத்தினார். அங்கே 130 வயது மேய்ப்பரான யாக்கோபு அரசனிடம் எதுவும் கேட்கவில்லை. அரசனுக்கு ஆசி வழங்கினார். மகன் மறைத்திருந்தால் அரண்மனை அந்த ஆசியை இழந்திருக்கும்.

அன்புப் பிள்ளைகளே, பெற்றோர் உங்களைக் காண வரும்போது ஊரைக் காட்டுங்கள். அதற்கு முன், உங்கள் ஆசிரியருக்கும் நண்பருக்கும் அவர்களைக் காட்டுங்கள். நீங்கள் தினமும் மன்றாடும் ஆலயத்தில் அவர்களோடு திருப்பலியில் பங்கேற்று, அவர்கள் கையால் நெற்றியில் சிலுவை பெற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் வந்துபோன இடம் ஆசி பெற்ற இடமாகும்.