கர்ப்பகாலத்தில் அபின் வகைப் பழக்கம்: திடீரென நிறுத்தாதீர்கள்

கருவுற்றது தெரிந்ததும், அபின் வகை வலிநிவாரணிகளையோ ஹெராயினையோ அன்றே விட்டுவிடத் தாய் துடிப்பது இயல்பு. ஆனால் திடீரென நிறுத்தினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் என உடல் தவிக்கும். தாங்க முடியாமல் மீண்டும் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்ந்து உட்கொள்வதையே உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது.

மாதம் ஏற ஏற மருந்தின் அளவைக் கூட்ட நேரலாம், அது தோல்வியன்று. பிறந்த குழந்தைக்கு நடுக்கமோ ஓயாத அழுகையோ தோன்றினால், அதற்கும் சிகிச்சை உண்டு. தாயின் அணைப்பும், மருத்துவர் ஒப்புதலுடன் தரும் தாய்ப்பாலும் துணைபுரியும்.

முதல் பரிசோதனையிலேயே உண்மையைக் கூறுங்கள். குடும்பத்தாரே, பழிச்சொல் அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிடும், உடன் வாருங்கள். கட்டணமில்லா தேசிய உதவி எண்: 14446.