ஒரு புள்ளி விட்டா... டூல் காலி!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் எலெக்ட்ரிக் டிரெயினில் பொன்னேரியைத் தாண்டினால் கவரைப்பேட்டை. இங்கே இன்ஜினீயரிங் காலேஜ். அடுத்த ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி, அங்கே சிப்காட். ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்தான்! ஆனா, கிளாஸ் ரூமில் படிச்ச சி.என்.சி-க்கும் ஷாப் ஃப்ளோரில் ஓடுற சி.என்.சி-க்கும் தூரம் கொஞ்சம் அதிகம் பாஸ்!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். அமெரிக்காவின் ஜான் பார்சன்ஸ், ஹெலிகாப்டர் இறக்கைகளைத் துல்லியமாகச் செய்ய வழி தேடினார். அந்த ஐடியா வளர்ந்து, 1952-ல் எம்.ஐ.டி-யில் எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினாக ஓடியது. அப்போ துளை போட்ட காகித டேப். இப்போ பென் டிரைவ், நெட்வொர்க். ஆனா பாஷை மட்டும் பெரிசா மாறலை. ஜி00 என்றால் வேகமாகப் போ, ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே போ, எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று. அவ்வளவுதான்!

'பூ... இவ்ளோதானா?'ங்கிறீங்களா? இருங்க, விஷயமே இனிமேதான்.

வெட்டி முடித்த டூல், ஜாபுக்கு மேலே 50 மி.மீ. எழும்பணும். 'இசட் 50' என்று எழுதி, கடைசியில் ஒரு புள்ளி வைக்கணும். அந்தப் புள்ளியை மறந்தால்? பல கன்ட்ரோலர்களில் செட்டிங்கைப் பொறுத்து அது 50 மைக்ரான் ஆகிவிடும். அதாவது 0.05 மி.மீ. ஒரு தலைமுடி தடிமன்கூட வராது! அடுத்த வரி ஜி00. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகம்னா, ஒரு செகண்டில் 33 சென்டிமீட்டர். வழியில் கிளாம்ப் போல்ட் நின்றால்... டமார்! எமர்ஜென்சி பட்டனுக்குக் கை போறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். ஸ்பிண்டில் அடிபட்டால் செலவு லட்சத்தில் போகும்.

அதனாலதான் கை தேர்ந்த ஆபரேட்டர்கள் புது புரோகிராமை எடுத்ததும் ஓட்ட மாட்டார்கள். டூலை உயரத்தில் வைத்து டிரை ரன். அப்புறம் சிங்கிள் பிளாக்... ஒவ்வொரு வரியாக. ரேப்பிட் வேகம் குறைந்தபட்சத்தில். ஒரு கை ஃபீட் ஹோல்டு மேல. 'இன்னும் எவ்வளவு தூரம் போகணும்' என்று திரை காட்டுவதையும், கண்ணால் பார்க்கும் இடைவெளியையும் ஒப்பிடுவார்கள். பொருந்தலையா? ஸ்டாப்!

வேகக் கணக்கும் அத்துப்படியா இருக்கணும். 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். கட்டர், வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால், 25,000-ஐ 31.4-ஆல் வகுங்க. சுமார் 800 ஆர்.பி.எம். நாலு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீட் 160. இதை இன்டர்வியூவில் டக்குன்னு சொல்ற பையனை யாரும் லேசில் விட மாட்டாங்க!

'கேட்-கேம் சாஃப்ட்வேரே புரோகிராம் போட்டுடுமே'ன்னு கேட்கலாம். போடும். ஆனா மெஷின் மேல கிளாம்ப் எங்கே இருக்குன்னு நீங்க சொல்லாம அதுக்குத் தெரியாது. தமிழக அரசு 2022-ல் டாடா டெக்னாலஜிஸோடு ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ-களை நவீனமாக்க இறங்கியது. சி.என்.சி. பயிற்சியும் அதில் உண்டு. ஸோ, டிகிரி ஹோல்டர்களே... ஐ.டி.ஐ. தம்பிங்க ரெடியாகிட்டு இருக்காங்க!

இன்டஸ்ட்ரியல் விசிட் போனா மெஷின் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்துடாதீங்க. பக்கத்துல நிற்கிற ஆபரேட்டர் அண்ணன்கிட்ட, 'ஜீரோ எப்படி எடுக்கறீங்க, ஆஃப்செட் எப்படிப் போடறீங்க?'ன்னு கேளுங்க. அந்தப் பத்து நிமிஷம், ஒரு செமஸ்டருக்குச் சமம்!