லேசர் புள்ளி நிற்கும் இடத்தில்தான் குண்டு பாயுமா?

சினிமாவில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. இருட்டு அறை. வெள்ளைச் சட்டை போட்டவரின் மார்பில் ஒரு சிவப்புப் புள்ளி மெல்ல ஊர்ந்து வந்து நிற்கும். அடுத்த நொடி, புள்ளி நின்ற அதே இடத்தில் குண்டு பாயும். இந்தக் காட்சியைப் பிரபலமாக்கிய படங்களில் ஒன்று, 1984-ல் வந்த ‘தி டெர்மினேட்டர்’. அதில் அர்னால்டின் கைத்துப்பாக்கி மேல் ஒரு பெரிய குழாய்போல உட்கார்ந்திருக்கும் லேசர். அதற்கான பேட்டரியை அவருடைய ஜாக்கெட்டுக்குள் மறைத்துவைத்து, ஒயர் இழுத்துத்தான் எரிய வைத்தார்கள்.

இன்று அந்த லேசர் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் தகர டப்பாவை அடுக்கிச் சுட்டுப் பழகுகிறவர்கள், அணில், முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் தங்கள் .22 ரைஃபிளில் இதை மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் என்.சி.சி-யில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிள் புதிதல்ல. முகாமில் குப்புறப் படுத்துச் சுட்டது அந்தத் துப்பாக்கியைத்தான். மற்றபடி, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருக்க முடியாது.

சரி, புள்ளி நிற்கும் இடத்தில் குண்டு பாயுமா? பெரும்பாலும் பாயாது!

வெளிச்சம் நேராகப் போகும், குண்டு விழும்

.22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம்தான். குழலைவிட்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடக்க நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. ஆனால், புவியீர்ப்புக்கு அந்த நேரமே போதும். குண்டு அதற்குள் 12 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். லேசருக்கு அந்தக் கவலையே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேசரைக் குழலுக்குள் வைக்க முடியாது. கீழேயோ, பக்கத்திலோதான் மாட்ட வேண்டும். குழலுக்கு 4 செ.மீ. கீழே, அதற்கு இணையாக லேசரை மாட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் குண்டு புள்ளிக்கு மூன்றரை செ.மீ. மேலே படும். 25 மீட்டரில் ஒரு செ.மீ. மேலே. 30 மீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டும் ஒன்றுசேரும். 50 மீட்டரிலோ குண்டு புள்ளிக்கு 8 செ.மீ. கீழே போயிருக்கும். குறிவைத்தது டப்பாவின் நடுவில், அடிபடுவது அதை வைத்திருக்கும் பலகை!

பக்கவாட்டில் மாட்டினால் இன்னும் தொல்லை. குழலுக்கு 3 செ.மீ. வலப்பக்கம் மாட்டி, 25 மீட்டரில் சரியாகச் சேரும்படி திருப்பிவைத்தால், 50 மீட்டரில் புள்ளி இடப்பக்கம் 3 செ.மீ. விலகிப்போகும். அதனால், குழலுக்கு நேர் கீழே, முடிந்தவரை ஒட்டி மாட்டுவதுதான் நல்லது. மேல், கீழ் வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதுமே!

சிவப்பா, பச்சையா?

பகலில் சுடுவதென்றால் பச்சை. நம் கண்ணுக்கு வெளிச்சத்தில் மிக எடுப்பாகத் தெரிவது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை நிறம்தான். லேசர்களில் பச்சை 520 அல்லது 532, சிவப்பு 635 முதல் 650. ஒரே சக்தி கொண்ட இரண்டில் பச்சைப் புள்ளிதான் பளிச்சென்று இருக்கும். 532 வகை, அகச்சிவப்புக் கதிரைப் பச்சையாக மாற்றித் தருவது. கடுங்குளிரில் அது மங்கும். நேரடியாகப் பச்சை தரும் 520-ல் அந்தப் பிரச்னை குறைவு. சிவப்பின் சாதகம், விலை குறைவு, பேட்டரி நீடிக்கும். ஆனால் உச்சிவெயிலில் எங்கே விழுகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

சக்தி 5 மில்லிவாட்டைத் தாண்ட வேண்டாம். அதுவே நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்துதான். வீட்டில் குழந்தைகள் இருந்தால், இது விளையாட்டு டார்ச் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது

முதல் வேலை, ரைஃபிளில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்வது. அடுத்து, துப்பாக்கியில் என்ன வகைப் பிடிமானம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல .22 ரைஃபிள்களில் மேலே 11 மி.மீ. அளவில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். புதியவற்றில் குறுக்கே பள்ளங்கள் கொண்ட பிக்காட்டினி ரெயில் இருக்கும். ஒன்றுக்குச் செய்த கிளாம்ப் மற்றதில் நிற்காது. முன்கைப்பிடி பிளாஸ்டிக் என்றால் அதில் மாட்டாமல் குழலிலேயே கிளாம்ப் போடுவது நல்லது. கை அழுத்த அழுத்தப் பிளாஸ்டிக் வளையும், புள்ளியும் கூடவே நகரும். ஸ்க்ரூ தளராமல் இருக்க ஒரு சொட்டுப் பசை. .22-வின் உதைப்பு குறைவுதான், ஆனாலும் நூறு முறை சுட்டால் எந்த ஸ்க்ரூவும் கொஞ்சம் அசையும்.

பிறகு, மணல் மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து 25 மீட்டரில் ஐந்து குண்டுகள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஐந்தின் நடுமையம்தான் கணக்கு. ரைஃபிளை ஆடாமல் பிடித்து, புள்ளியைப் பழைய குறியில் நிறுத்திக்கொண்டு, லேசரின் சிறு ஸ்க்ரூக்களைத் திருப்பிப் புள்ளியை அந்த மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி ஐந்து சுட்டுச் சரிபார்க்க வேண்டும். தோட்டா பிராண்டை மாற்றினால் மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டும்.

லேசரே இல்லாமல்

இத்தனைக்கும், .22-வில் உலகிலேயே மிகத் துல்லியமாகச் சுடுகிறவர்களிடம் லேசர் கிடையாது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் அதற்கு அனுமதி இல்லை. சைட்டில் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும் கூடாது. ஒரு சின்னத் துளை வழியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் .22 ரைஃபிளில். அதில் 10 புள்ளி வளையத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அது வெறும் அரை மி.மீ. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது அந்தப் புள்ளியைத்தான்.

அந்தத் துளை சைட்டும் நகரும். 2008 ஆகஸ்ட் 11, பீஜிங். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு முன், கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார் அபினவ் பிந்த்ரா. 10-ல் விழ வேண்டிய குண்டு 4-ஐ ஒட்டிப் போய் விழுந்தது. யாரோ சைட்டைத் திருப்பிவிட்டதாக அவர் சந்தேகப்பட்டதைப் பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். அங்கே நின்று அதை விசாரிக்க நேரமில்லை. சைட்டின் குமிழ்களைத் திருப்பினார், சுட்டார், மறுபடி திருப்பினார், மறுபடி சுட்டார். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமநிலை. ஹாக்கினன் சுட்டது 9.7. பிந்த்ரா சுட்டது 10.8.