பலகை மாறியது, பொருள் புரிந்ததா?

தில்லி சூட்டும் புதுப் பெயர்கள் இந்தி தெரியாத குடிமகனிடம் வந்து சேரும்போது வேறு அர்த்தம் கொள்கின்றன.

2015 ஜனவரி 1 அன்று திட்டக் கமிஷனின் இடத்தில் ஒரு புதிய அமைப்பு வந்தது. பெயர் வைத்தவர்கள் சாமர்த்தியசாலிகள். 'இந்தியாவை மாற்றியமைக்கும் தேசிய நிறுவனம்' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நீதி' என்று வரும். இந்தியில் அதற்குக் கொள்கை என்று அர்த்தம். 'ஆயோக்' என்றால் ஆணையம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தமிழில்தான் கல் குறி தவறியது. 'நீதி ஆயோக்' என்று எழுதினால் நீதிமன்றத்தோடு தொடர்புடையது போலத் தோன்றும். பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட 'நிதி ஆயோக்' இன்னும் பெரிய குழப்பம். பணத்தைப் பங்கிடும் அமைப்பு என்றே வாசகர் நினைப்பார். ஆனால், வரி வருவாயை மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பங்கிடப் பரிந்துரைப்பது அரசியல் சட்டத்தின் 280வது பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக் குழு. அது வேறு.

வேடிக்கை அதோடு முடியவில்லை. 1950இல் தொடங்கிய திட்டக் கமிஷனுக்கு மாநிலத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவதில் பெரும் செல்வாக்கு இருந்தது. ஆண்டுதோறும் முதலமைச்சர்கள் தில்லிக்குப் போய் அதனிடம் வாதாடினார்கள். புதிய அமைப்புக்கு அந்த அதிகாரம் இல்லை. அது ஆலோசனை சொல்லும் மன்றம். ஆக, எந்த அதிகாரம் பறிபோனதோ அதையே தமிழில் அதன் பெயர் பறைசாற்றுகிறது.

இங்கே பெயரோடு வேலையும் மாறியது. எல்லாப் பெயர் மாற்றங்களுக்கும் இதைச் சொல்ல முடியாது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு கல்வி அமைச்சகத்தை மனிதவள மேம்பாட்டு அமைச்சகமாக்கியது. கலாசாரம், இளைஞர் நலன், விளையாட்டு, மகளிர் நலன் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது நோக்கம். பொறுப்பேற்றவர் பி.வி. நரசிம்ம ராவ். காலப்போக்கில் அந்தத் துறைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மிஞ்சியது கல்வி. 2020இல் புதிய கல்விக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது பழைய பெயரே திரும்பியது. 35 ஆண்டுகளில் ஒரு முழு வட்டம்.

அமைச்சகத்தின் பெயர் புரியாவிட்டால் சாதாரண மனிதருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. சட்டத்தின் பெயர் அப்படியல்ல. 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் புதுப் பெயரில் அமலுக்கு வந்தன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம்.

'நாகரிக்' என்றால் இந்தியில் குடிமகன். தமிழ்க் காதில் விழுவது நாகரிகம். 'சன்ஹிதா' என்றால் தொகுப்பு. அகராதி பார்க்காமல் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்று பதறி வரும் தாய், முதல் தகவல் அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்து என்ன புரிந்துகொள்வார்? 'இ.பி.கோ.'வும் ஆங்கிலத்தின் சுருக்கம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 160 ஆண்டுப் புழக்கம் அதற்கு அர்த்தம் கொடுத்திருந்தது. 'ஃபோர் ட்வென்டி' என்றால் மோசடிக்காரன் என்று சிறுவனுக்கும் தெரியும். புதிய சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 318. போதாக்குறைக்கு, 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். எனவே நீதிமன்றங்களில் இரண்டு பெயர்களும் பல ஆண்டுகள் சேர்ந்தே ஒலிக்கும்.

ஆங்கிலேயர் வைத்த பெயர்களை நாடு சுமந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தை நீக்கிவிட்டு, இந்தியையோ சமஸ்கிருதத்தையோ அப்படியே எல்லா மொழிகளிலும் எழுத வைத்தால், ஒரு புரியாத பெயரின் இடத்தில் இன்னொரு புரியாத பெயர் வந்து உட்காருகிறது.

மாற்று வழி நாடாளுமன்றத்திலேயே இருக்கிறது. 1954இல் இரு அவைகளுக்கும் லோக்சபா, ராஜ்யசபா என்ற இந்திப் பெயர்கள் வந்தன. ஆங்கிலப் பத்திரிகைகளும் அவற்றை ஏற்றன. தமிழ் தன் வழியில் போய், மக்களவை, மாநிலங்களவை என்று பெயர் சொன்னது. அரசியல் சட்டத்தின் 79வது பிரிவில் இன்றும் உள்ள ஆங்கிலப் பெயர்களின் நேர்ப்பொருளும் அதுவே. இதனால் நாட்டின் ஒற்றுமைக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை.

எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. பெயர் மாற்றும் அரசாணையோடு, 22 மொழிகளிலும் பொருள் விளங்கும் பெயர்களை வெளியிட ஒரு பக்கம் போதும். பலகை எழுதும் செலவைவிட அது குறைவு.