குற்றவாளி ஒருத்தர்... மாட்டுறவர் இன்னொருத்தர்!

ஸ்பீடு வேணும்னு பைதான் புராஜெக்ட்டுக்குள்ள 'சி' லைப்ரரியை இழுத்துவிடுற ஆளா நீங்க? 2006-ல் பைதான் 2.5-ஓடு வந்த சிடைப்ஸ் அதை ஈஸியாக்கிடுச்சு. கூடவே ஒரு வில்லங்கமும் இருக்கு பாஸ்!

பைதான் ஒரு பஃபரின் முகவரியை 'சி'கிட்ட கொடுக்குது. 'சி' அதைத் தனி த்ரெட்டில் நிதானமா நிரப்புது. அதுக்குள்ள ஃபங்ஷன் முடிஞ்சா, பைதான் அந்த மெமரியை வேற டேட்டாவுக்கு வாடகைக்கு விட்டுடும். பழைய முகவரியிலேயே 'சி' எழுத, புதுசா குடிவந்தவர் காலி! புரோகிராம் படுக்கிறதோ சம்பந்தமே இல்லாத வரியில். அதுவும் தினமும் படுக்காது. சரியா டெமோ அன்னிக்குப் படுக்கும்.

பிடிக்க வழி? 'சி' கோடை டீபக் தகவலோட கம்பைல் பண்ணுங்க. பைதான் 3.6 முதல் இருக்கிற பைதான்மெலாக் செட்டிங்கை 'மெலாக்' என மாத்தி, வால்கிரைண்டில் ஓட்டுங்க. விட்ட மெமரியில் எழுதின வரியைக் காட்டிக்கொடுத்துடும்.

தடுக்க வழி? த்ரெட் முடியும்வரை பஃபரை ஃபங்ஷனுக்கு வெளியே ஒரு வேரியபிளில் பிடிச்சு வெச்சுக்கங்க. அவ்வளவுதான்!